கடைசி பெஞ்சு முதலில்

அந்தக் கண்ணாடிச் சில்லின் ஒரு முனை பால் படிந்ததுபோல மங்கலாக இருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். அதுவே என்னைக் கலக்கப் போதுமாக இருந்தது. பக்கத்துக் கதவுக்கு அப்பால் அறுபது பெண்கள் இயற்பியல் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த தளத்தின் அடியில், நிழலில், சாப்பாட்டு மணி அடித்ததும் சின்ன வகுப்புக் குழந்தைகள் டப்பாவோடு வந்து அமர்வார்கள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஒரு கண்ணாடிச் சில்லுக்காக ஓர் எழுபது வயதுக்காரன் ஏன் கலங்க வேண்டும் என்று சொல்வதற்கு, அந்தக் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கம் உள்ள பழைய பெண்கள் பள்ளி அது. தெருவில் போகிறவர்களுக்குத் தெரிவது முன்னால் இருக்கும் கல் கட்டடம்தான்: கூர் வளைவு ஜன்னல்கள், ஓட்டுக் கூரை, மணிக்கூண்டு. அதன் முதுகுப்புறத்தில், கொஞ்சமும் சம்பந்தம் இல்லாமல், அறிவியல் கட்டடம் நிற்கிறது. சுதந்திரம் வந்த புதிதில், நாட்டையே கான்கிரீட்டில் வார்த்துவிடலாம் என்று ஒரு தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையில் எழுந்த கட்டடம். பூவேலை கிடையாது, வளைவு கிடையாது. மேற்கு வெயிலைக் கீற்றுக் கீற்றாக நறுக்குவதற்கு மெல்லிய கான்கிரீட் பலகைகள் செங்குத்தாக நிற்கும். நடைபாதை நெடுக, சுவருக்குப் பதில் ஓட்டைபோட்ட கான்கிரீட் கட்டிகள். சுவரில் பெரும்பகுதிக்குப் பூச்சு கூட இல்லை. பலகை அடைத்து கான்கிரீட் ஊற்றி, பலகையைப் பிரித்தபோது என்ன தெரிந்ததோ அதுதான் சுவர். பூசுவதை ஒரு பொய் என்று நினைத்தவர்கள் கட்டியது.

கட்டடத்தின் பெருமை, கேலரி என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படிவரிசை வகுப்பறை. கரும்பலகைப் பக்கம் தாழ்ந்து, கடைசி பெஞ்சுப் பக்கம் உயர்ந்துகொண்டே போகும். அந்த உயர்ந்த பக்கம் முழுவதும் கட்டடத்தைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, கீழே ஒரு தூண்கூட இல்லாமல். கான்டிலீவர் என்போம். பால்கனிக்கும் அதே தத்துவம்தான். ஒரு பக்கத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை அந்தரத்தில் நீட்டுவது. பால்கனியில் நாலு துணி காயும். இங்கே அறுபது பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆர்க்கிடெக்சர் கல்லூரி மாணவர்கள் வருஷம் தவறாமல் வந்து, அந்த அந்தரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கூடப் படம் எடுப்பார்கள்.

நான் அரசாங்கக் கட்டடங்களைக் கட்டியும் பழுதுபார்த்தும் ஓய்வுபெற்ற பொறியாளன். ஓய்வுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களுக்குக் கட்டட உறுதிச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. எந்தப் படிவத்தில் எந்த வரி எதற்காக இருக்கிறது, எந்த வரியை யாருமே படிப்பதில்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கு முதல்முறை வந்தபோது, கேலரிக் கதவுக்குப் பக்கத்தில், அந்தத் தளத்தைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு பீமில், தலைமுடி போல ஒரு வெடிப்பைப் பார்த்தேன். கான்டிலீவர் தன் பிடியில் இருக்கும் இடம் அது.

வெடிப்பைக் கண்டால் அது செத்த வெடிப்பா, உயிருள்ள வெடிப்பா என்று பார்க்க வேண்டும். அதற்கு மிகப் பழைய, மிக மலிவான வழி ஒன்று உண்டு. வெடிப்பின் இரண்டு கரையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொட்டு வைத்து, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடியை ஒட்டி, அதில் தேதி எழுதிவிட வேண்டும். கரைகள் கொஞ்சம் விலகினாலும் கண்ணாடி முறிந்துவிடும். அறிவியல் கட்டடம் அல்லவா, நான் கண்ணாடிக்கு எங்கும் போகவில்லை. மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்று கேட்டேன். லேப் அட்டெண்டர் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். பொம்மனஹள்ளியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். அந்தக் கட்டடத்தில் ஆசிரியர்கள் மாறுவார்கள், அவர் மாற மாட்டார். ஒட்டி முடித்துவிட்டு, அவரிடம்தான் சொன்னேன்: "இது உடையாம பாத்துக்கோங்கம்மா. இதை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடறேன்."

முப்பது வருஷம் குறிப்பேடும் ஒப்பந்த ஆவணமும் எழுதியவன் சொன்ன வாக்கியம் அது.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வந்தேன். மழைக்காலம் முடிந்து, நான் வருவதற்கு முந்தின வாரம், மரியாதைக்காக அந்த நடைபாதைக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருப்பார்கள். தலைமையாசிரியை சிஸ்டரின் அறையில் காபி. காபி ஆறுவதற்குள், வீட்டிலேயே டைப் செய்து கொண்டுபோன சான்றிதழில் கையெழுத்து. அதன் பிறகு மாடிக்குப் போய் ஆய்வு. வரிசை தலைகீழ் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏழு வருஷமாகக் கண்ணாடி முழுசாக இருந்தது. 'வெடிப்பில் அசைவு இல்லை' என்ற வரியை நான் கம்ப்யூட்டரில் மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கும் காபியும் கையெழுத்தும் முடிந்து, பழைய கல் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனேன். கண்ணாடி முழுசாக இருந்தது. தேதியும் இருந்தது. ஒரு முனை மட்டும் மங்கலாக இருந்தது. நான் ஒட்டிய ஸ்லைடில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

அட்டெண்டர் அம்மா டெஸ்ட் டியூப் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்தார்.

"இந்த ஸ்லைடு நான் வெச்சதாம்மா?"

"நீங்க வெச்சது போயிடுச்சு சார். இது இந்த வருஷத்து ஸ்டாக். பேர் எழுதறதுக்கு ஒரு பக்கம் ரஃப்பா இருக்கும் பாருங்க. பழசுல அது கிடையாது."

"போயிடுச்சுன்னா?"

"உடைஞ்சுடுச்சு."

"எப்போ?"

"எந்தத் தடவையைக் கேக்கறீங்க சார்?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எந்தச் சுவர் என்று பார்த்து, கையை எடுத்துவிட்டேன்.

"எத்தனை தடவை?"

அவர் விரல் மடக்கினார். "மழை முடிஞ்சா ஒண்ணு போகும். மார்ச் வெயில்ல ஒண்ணு போகும். இந்த வருஷம்தான் ஜாஸ்தி, நாலு ஆச்சு. தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு வெச்சேன் சார், ஒரு வாரம்கூட நிக்கல. சனியன், பட்டுனு போச்சு. பிள்ளைங்க பையை இடிச்சுட்டுப் போறாங்கன்னு நெனச்சு அவங்களையும் திட்டினேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒரு ஸ்லைடு சார், இதைப் போய் உங்ககிட்ட சொல்லணுமா? நீங்கதானே உடையாம பாத்துக்கோங்கன்னீங்க. லேப்ல உடைஞ்ச கண்ணாடி இருக்கவும் கூடாது. சும்னே உங்களுக்கு எதுக்கு டென்ஷன்னு நானே மாத்திடுவேன். தேதிகூட உங்க எழுத்து மாதிரியே போடுவேன். நல்லா இல்லயா?"

நன்றாகத்தான் இருந்தது. என் எழுத்தைவிடக் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. ஏழு வருஷம் நான் சான்றளித்தது அந்த அம்மாவின் பொறுப்புணர்ச்சிக்கு.

கார் சாவியால் பெயிண்டைச் சுரண்டினேன். அடுக்கடுக்காக வந்தது: வெள்ளை, தந்த நிறம், மறுபடி வெள்ளை, நடுநடுவே வெடிப்பை நிரப்பிய பட்டி. ஒவ்வோர் ஆண்டின் மரியாதையும் ஒவ்வோர் அடுக்காக இருந்தது. அத்தனையும் ஒரே கோட்டில் கிழிந்திருந்தன. உள்ளே துரு வழிந்த பழுப்புக் கறை. மேலே அகலம், கீழே போகப்போகக் குறுகல். கான்டிலீவர் தன் பிடியை விடும்போது வெடிப்பு இப்படித்தான் மேலிருந்து திறக்கும்.

"கவர் ஸ்லிப் இருக்காம்மா?"

ஸ்லைடு மேல் மூடும் அந்த மெல்லிய கண்ணாடிச் சதுரங்களை அவர் பெட்டியோடு கொண்டுவந்தார். ஒன்றை ஒட்டி ஒன்றாக வெடிப்பில் செருகி அகலத்தைப் பார்த்தேன். ஒன்று. போயிற்று. இரண்டு. மூன்று. முதல் வருஷம் ஒன்றுகூட நுழைந்திருக்காது. பன்னிரண்டாவதும் போனதும் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை போதும் என்பதால் அல்ல, பதின்மூன்றாவது விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

நான் முதலில் நினைத்தது அந்த அறுபது பெண்களை என்று எழுத ஆசைதான். நான் நினைத்தது சான்றிதழ் ஃபைலை. கட்டடம் விழுந்தால் முதலில் அலமாரிக்கு சீல் வைப்பார்கள். பிறகு சான்றிதழை எடுப்பார்கள். கீழே யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். கையெழுத்தின் பக்கத்தில் இன்றைய தேதி. மை காய்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இதெல்லாம் மனதில் ஒழுங்காக வரிசைப்பட்டு வந்தது. அப்போது உள்ளே ஆசிரியை ஏதோ சொல்ல, அறுபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பீமில் வைத்திருந்த என் விரல் நுனியில் அந்தச் சிரிப்பு தெரிந்தது. அதன் பிறகுதான் பயம் சரியான இடத்துக்கு வந்தது.

"இவங்களை வெளிய கொண்டுவரணும்மா. இப்பவே."

"ஏன் சார்?" என் முகத்தைப் பார்த்தார். "ஃபயர் டிரில் மணி அடிக்கச் சொல்லட்டுமா?"

அதுதான் நடைமுறை. மணி, வரிசை, மைதானம். எத்தனை பள்ளிகளுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மணி அடித்ததும் அறுபது பேர் ஒரே நொடியில் எழுந்து, மரப்படிகளில் தடதடவென்று இறங்கினால், அந்த பீமின் மேல் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கும் எடை ஒன்று, குதிக்கும் எடை இன்னொன்று.

"மணி வேணாம். யாரும் ஓடக் கூடாது. கடைசி பெஞ்சு முதல்ல வரணும். ஒவ்வொரு பெஞ்சா, மெதுவா." கடைசி பெஞ்சுதான் அந்தரத்தின் நுனி.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"மிஸ், ரெகார்ட் நோட் செக்கிங். எல்லாரும் லேப்புக்கு வரணும். கடைசி பெஞ்சு முதல்ல."

கேலரி முழுவதும் ஒரு முனகல்.

"ஆன்ட்டி, இன்னிக்கா? ப்ளீஸ் ஆன்ட்டி, நாளைக்கு!"

"எப்பவும் எங்க பெஞ்சுதான் கெடைக்குமா உங்களுக்கு?"

"அங்க போய் உக்காருங்கன்னு நானாடி சொன்னேன்? வாங்க மகாராணிங்களா. ஒரு பெஞ்சு போய் உக்காந்தப்புறம்தான் அடுத்த பெஞ்சு எழுந்திருக்கணும். ஓடினவளுக்கு மார்க் கெடையாது."

ரெகார்ட் எழுதி முடிக்காத பெண் எவ்வளவு மெதுவாக நடப்பாள் என்பது எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் இல்லை. பூனை மாதிரி இறங்கினார்கள். பையில் துழாவினார்கள். வழியில் நின்று பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தார்கள். அந்த மெதுநடை எனக்குத் தேவையாகவும் இருந்தது, உயிரை வாங்கவும் செய்தது. மூன்றாவது பெஞ்சு கதவைத் தாண்டியபோது மணிக்கட்டைப் பார்த்தேன். சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம்.

கீழே ஓடினேன். மூட்டு வலிக்காரன் படியில் இறங்குவதை ஓட்டம் என்று சொல்லலாமானால்.

மூன்று சின்னப் பெண்கள் ஏற்கெனவே வந்து, அந்த நிழலின் நட்ட நடுவில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். விளிம்பில் நின்று கூப்பிட்டேன்.

"எழுந்து வாங்கம்மா, இங்க உக்காரக் கூடாது."

"இது எங்க இடம் அங்கிள். நாங்கதான் ஃபர்ஸ்ட் வந்தோம்."

"மேல பெயிண்ட் அடிக்கறாங்க. சாப்பாட்டுல கொட்டிடும்."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள், "அங்க பெயிண்ட்டே இல்லயே அங்கிள். சும்மா சிமென்ட்தானே இருக்கு."

ஏழு வருஷமாக நான் மேலே பார்க்காததை அவள் ஒரு தடவையில் பார்த்துவிட்டாள். உள்ளே போனேன். அந்தத் தளத்தின் அடியில் நடந்த இருபது தப்படியை நான் இன்றும் கால்களில் வைத்திருக்கிறேன். தலைக்கு மேலே பெஞ்சு அசையும் ஓசை. பிறகு ஒரு பெஞ்சுப் பெண்களின் செருப்போசை, என் உச்சந்தலையைக் கடந்து கதவை நோக்கிப் போயிற்று. டப்பாக்களை நானே மூடினேன். ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். "மிஸ்கிட்ட சொல்லுவேன்" என்றாள். சொல்லு தாயே, தாராளமாகச் சொல்லு என்று நினைத்துக்கொண்டு வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, அந்த அடிப்பரப்பு எவ்வளவு அழகானது என்று தெரிந்தது. கான்கிரீட் ஊற்றிய பலகைகளின் மரவரிகள், முடிச்சுகள்கூட, அப்படியே அதில் பதிந்திருந்தன. ஒரு பெரிய மரத்தை இழைத்து வைத்ததுபோல் இருந்தது. நாலு இடத்தில் ஈரம் பூத்திருந்தது. மழைநீர்க் குழாய் வெளியே தெரிந்தால் முகப்பு கெட்டுவிடும் என்று, அதை அந்த பீமுக்குள்ளேயே புதைத்து வைத்திருந்தார்கள். குழாய் எத்தனை வருஷத்துக்கு முன்னால் உள்ளே பிளந்ததோ. அப்போதிலிருந்து ஒவ்வொரு மழையும் கம்பியை நனைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மேலே ஜன்னலிலிருந்து அட்டெண்டர் அம்மா கையை விரித்துக் காட்டினார். கேலரி காலி.

சிஸ்டர் கண்டிப்பானவர். மறுநாள் அறிவியல் கண்காட்சி. பெற்றோர்களை கேலரியில் உட்காரவைத்து விழா தொடங்குவதாக ஏற்பாடு. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, மேஜையில் இருந்த கோப்பைத் திறந்தார்.

"பத்து மணிக்கு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க சார். இப்ப பன்னிரண்டரை. நடுவுல என்ன ஆச்சு?"

"பத்து மணிக்கு நான் பாக்கல சிஸ்டர்."

"போன வருஷம்?"

"கண்ணாடியைப் பாத்தேன். சுவரைப் பாக்கல. ஏழு வருஷமும் அப்படித்தான்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "போட்டோ எடுக்க வர்றவங்களை எல்லாம் நான்தான் கூட்டிட்டுப் போய் அடியில நிக்க வெக்கறேன்" என்றார். "போன மாசம் நாப்பது பேர்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்த அம்மாவை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றார்.

"சொல்ல வேண்டியது என்னைத்தான் சிஸ்டர்."

சான்றிதழைத் திரும்பப் பெறுவதற்குப் படிவம் கிடையாது. கொடுப்பதற்கு மூன்று உண்டு. வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, கையால் எழுத ஆரம்பித்தேன். 'இன்றைய ஆய்வின்போது புதிதாகத் தென்பட்ட வெடிப்பு' என்று பேனா தானாகவே எழுதிவிட்டது. பழகிய வாக்கியம். அது யாரையும் குற்றம் சொல்லாது, எழுதியவனை முக்கியமாக. அதையே விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் புதிய வெடிப்பு என்றால் நடைமுறை வேறு. ஒரு மழைக்காலம் கவனித்துப் பார்க்கலாம் என்பார்கள். விழா முடியட்டும் என்பார்கள். ஏழு வருஷமாகத் திறந்துகொண்டே வரும் வெடிப்பு என்று எழுதினால்தான் அன்றைக்கே முட்டுக் கொடுப்பார்கள். அந்த வரியை அடித்தேன். 'இன்றைய சான்றிதழும் என் முந்தைய ஏழு சான்றிதழ்களும் செல்லாது' என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

மூன்று மணிக்கு ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி லாரியில் இரும்பு ஜாக்கிகளோடு வந்து சேர்ந்தார். நுனியில் திருகு வைத்த முட்டுக் குழாய்கள். வரிசையாக நிறுத்தி, பலகை வைத்து, தளத்தைத் தொடும்வரை திருகினார். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம் என்றேன். தூக்கப் பார்த்தால் முறியும். விழ வந்தால் தாங்கினால் போதும்.

"கைப்பிடி இறுக்கம்தான் சார், ரெண்டு விரல்ல சுத்தலாம்" என்று சுற்றியும் காட்டினார். வேலை முடிந்தபோது வெயில் இன்னும் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். கண்காட்சியைப் பழைய கல் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பெண்கள் அட்டை எரிமலையும் தெர்மாகோல் இதயமும் சுமந்துகொண்டு முற்றத்தின் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கேலரிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து ஒரு ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"என்ன மேஸ்திரி?"

"சுத்தல சார்."

"எது?"

"எதுவும் சுத்தல. நேத்து ரெண்டு விரல்ல சுத்தினேன், நீங்களே பாத்தீங்க." பைப்பைக் கைப்பிடியில் மாட்டி, உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தார். ஜாக்கி அசையவில்லை. அடிப்பலகை மண்ணில் ஒரு விரல்கடை அழுந்தியிருந்தது. "எறங்கிடுச்சு சார். உக்காந்துடுச்சு இது மேல."

"வெளிய வாங்க" என்றேன். அவர் பைப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

இன்னும் இருபது ஜாக்கி, தடித்த பலகை, அடியில் இரும்புத் தகடு என்று அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் கயிறு கட்டியிருந்த எல்லைக்கு இப்பால், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

முந்தின நாள் கேலரியில் இருந்த பெண்களில் ஒருத்தி, கையில் பாதி வண்ணம் பூசிய ராக்கெட்டோடு கயிற்றருகே நின்றாள்.

"அங்கிள், அது விழுமா?"

எழுத்தில் கேட்டிருந்தால் எழுத்தில் பதில் சொல்லியிருப்பேன். எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும்.

"தெரியலம்மா" என்றேன். "நீ இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு."